பொலிசில் எழுதிய கடதாசி விவாகரத்து ஆகாது

ஸ்பிரிங்வெளியிலோ, பசறைப் பக்கத்திலோ, ஹாலி-எலவிலோ புருஷன் பெண்சாதிக்குள் ஒத்துவரவில்லை என்றால் விஷயம் நேராக நீதிமன்றத்துக்குப் போவதில்லை. முதலில் பெரியவர்கள் பேசுவார்கள், பிறகு தோட்டத் தலைவர் பேசுவார். அவராலும் முடியாவிட்டால் பொலிஸ். அங்கே இருவரையும் உட்காரவைத்து, "இனி இருவரும் பிரிந்திருக்கச் சம்மதம், மூத்தவன் அப்பாவிடம், சின்னவள் அம்மாவிடம், மாதம் இவ்வளவு தருவார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கடதாசியைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "எங்களுக்கு டிவோஸ் ஆயிடுச்சு" என்று நம்பி வருஷக்கணக்காக வாழ்கிறவர்கள் ஊவாத் தோட்டங்களில் நிறையப் பேர்.

அந்தக் கடதாசியால் ஒரு கல்யாணமும் முடிவதில்லை. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொலிசுக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை, கோயில் கமிட்டிக்கும் இல்லை. பொலிஸ் பதிவு என்பது முறைப்பாட்டுக்கான சான்று. பின்னால் வழக்குப் பேசும்போது உதவும் என்பதால் அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். அதற்கு மேல் அதற்குப் பலம் கிடையாது.

அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் ஒருவர் மற்றவரிடம் தாபரிப்புக் கேட்க முடியாது என்கிறது. அடிபட்டு, வேறு வழியில்லாமல் தாய் வீட்டுக்கு வந்த ஒரு பெண் "சம்மதத்துடன் பிரிகிறேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தால், பிறகு தனக்கான செலவுக் காசு கேட்கும்போது அந்த வரியே அவளுக்கு எதிராக நிற்கும். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "ஏன் பிரிந்தேன்" என்ற காரணம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தாய் எதில் கையெழுத்து வைத்திருந்தாலும் பிள்ளைக்கான காசு அதனால் போகாது. அது பிள்ளையின் உரிமை. தாயோ தகப்பனோ அதை எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது.

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். கல்யாணம் முடிவதும், பிள்ளை யாரிடம் இருப்பது என்பதும், பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் யார் காசு கொடுப்பது என்பதும் மூன்று தனித்தனி விஷயங்கள். நம் சனங்கள் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு, "டிவோஸ் கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருக்கிறார்கள். விவாகரத்து வழக்கு வருஷக்கணக்கில் இழுபடலாம். பிள்ளைக்கு நாளைக் காலையிலும் பசிக்கும்.

பிள்ளைக் காசிலிருந்தே தொடங்குவோம். அதற்குப் போகவேண்டிய இடம் நீதவான் நீதிமன்றம். விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை, போடும் எண்ணமும் இருக்க வேண்டியதில்லை. வசதியிருந்தும் பிள்ளையைக் கவனிக்காத தாய் அல்லது தகப்பன் மீது, பிள்ளையின் சார்பில், பிள்ளையை வைத்துப் பராமரிப்பவர் விண்ணப்பிக்கலாம். தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்க, அம்மாயியிடம் பிள்ளை வளர்கிறது என்றால் அந்த அம்மாயியும் போகலாம். 18 வயதுக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு.

தோட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "எங்களுக்குத் தாலி கட்டினதோட சரி, பதிவு செய்யல்ல. கேஸ் நிக்குமா?" பிள்ளைக் காசைப் பொறுத்தவரை நிற்கும். பெற்றோர் பதிவுத் திருமணம் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் பிள்ளையை ஒதுக்குவதில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் அவர்தான் தகப்பன் என்று காட்ட வேண்டும். ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்ததற்கு அக்கம்பக்கத்துச் சாட்சி, கல்யாணப் படம், கிளினிக் கொப்பி, அவர் அனுப்பிய காசுக்கான வங்கித் துண்டு, தொலைபேசிச் செய்தி எல்லாம் உதவும். மறுத்தால் மரபணுப் பரிசோதனை கேட்கவும் இடமுண்டு. தாலி கட்டி ஊரறிய வாழ்ந்த கல்யாணத்தையும் நீதிமன்றம் சாட்சிகளைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். சந்தோஷமாகச் சேர்ந்து வாழ்கிறவர்களும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

விசாரணையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். நீதவான் கேட்பார்: "மாதம் எவ்வளவு தேவை?" அநேகமாக வரும் பதில், "எவ்வளவாவது வாங்கித் தாங்க ஐயா." அதை வைத்து நீதவானால் ஒரு தொகை எழுத முடியாது. அதே கேள்விக்கு இன்னொரு தாய் ஒரு கொப்பியைத் திறந்து நீட்டுகிறாள் என்று வையுங்கள். பால்மா இரண்டு பக்கற், பள்ளிக்கூடச் சப்பாத்து, பதுளைக்குப் போய்வர பஸ் காசு, டியூசன், இழுப்புக்கு மருந்து என்று ஒவ்வொன்றும் திகதியோடு எழுதியிருக்கிறது, கடைத் துண்டுகள் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "இவ்வளவு செலவு எப்படி?" என்று கேட்டால் அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். இன்றிரவே ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்கலாம். வழக்குப் போடாவிட்டாலும் அது வீண் போகாது.

அடுத்தது தகப்பனின் வருமானம். தோட்டத்தில் செக்ரோலில் பெயர் உள்ளவர் என்றால் சம்பளத் துண்டு இருக்கும். கொழும்பில் கடை வேலை, கட்டட வேலை என்றால் எதுவும் எழுத்தில் இருக்காது. எந்தக் கடை, முதலாளி யார், எந்த ஊர் என்ற விவரம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பாரம் குறையும். நிரந்தர வேலையில் இருப்பவரென்றால், காசைச் சம்பளத்திலேயே வெட்டி அனுப்பும்படி தொழில் கொடுப்பவருக்கு நீதிமன்றம் கட்டளையிடலாம். கட்டளைக்குப் பிறகும் கட்டாமல் விட்டால் பிடியாணை, கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. "கோட்டுக் காசு கட்டாம உள்ள போனான்" என்று ஊரில் பேசுவது இதைத்தான். விலைவாசி ஏறினாலோ, பிள்ளை மேல்வகுப்புக்குப் போனாலோ, அவருக்கு வேலை போனாலோ தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இரு தரப்பும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

இனி விவாகரத்து. மலையகத் தமிழருக்குப் பொருந்துவது 1907ஆம் ஆண்டின் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை நமக்குப் பொருந்தாது. பக்கத்து ஊர்ச் சிங்களக் குடும்பம் ஒன்று மாவட்டப் பதிவாளரிடம் போய் இருவரும் சம்மதம் என்று சொல்லிப் பிரிந்ததைப் பார்த்து, "எங்களுக்கும் அப்படிச் செய்ய ஏலாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் கண்டியச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தவர்களாக இருப்பார்கள். அந்த வழி நமக்குத் திறந்திருக்கவில்லை.

இன்னொரு குழப்பம் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. சென்னைத் தொடர்களிலும் யூடியூப்பில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசுவதிலும் "இருவரும் சேர்ந்து மனுப்போட்டு ஆறு மாதம் பொறுத்தால் விவாகரத்து" என்று வரும். அது இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். அங்கே அது சரி. இங்கே சம்மதம் மட்டும் ஒரு காரணம் ஆகாது. நம் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்று: கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவருடன் தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீர்க்க முடியாத தாம்பத்திய இயலாமை. "ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாக முடிந்துவிடும்" என்பதும் ஊரில் உலவும் பேச்சுத்தான். எத்தனை வருஷம் ஆனாலும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் கல்யாணம் முடியாது.

மூன்றில் தோட்டப் பெண்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டியது இரண்டாவது காரணம். "நான்தானே வீட்டை விட்டு வந்தேன், அப்ப கைவிட்டது நான்தானே?" என்று பயந்து அடியைத் தாங்கிக்கொண்டு லயத்திலேயே கிடக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குடித்துவிட்டு அடித்து, பட்டினி போட்டு, இருக்கவே முடியாத நிலைக்கு ஒருவரைத் தள்ளினால், வாசலைத் தாண்டியது மனைவியாக இருந்தாலும் கைவிட்டவர் கணவன்தான். அதனால்தான் ஒவ்வொரு தடவை காயப்பட்டபோதும் பதுளை ஆஸ்பத்திரியில் வாங்கிய துண்டும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கமும் முக்கியமாகின்றன.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், நீங்கள் வசிக்கும் பிரதேசத்துக்குரிய நீதிமன்றத்தில் போட வேண்டும். தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு, அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவான தீர்ப்பாகும். இந்த இடைவெளிக்குள் மறுகல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, குற்றமும் ஆகும்.

மனைவி என்ற உறவை வைத்து நீதவான் நீதிமன்றத்தில் பெறும் தாபரிப்பு அந்த உறவு முடிந்ததும் நின்றுவிடும். ஆகவே விவாகரத்து வழக்கிலேயே நிரந்தரச் செலவுக் காசையும் கேட்டுவிடும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்காலச் செலவும் கேட்கலாம். பிள்ளைக் காசு விவாகரத்துக்குப் பிறகும் தொடரும்.

பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில்தான் மனங்கள் மிகவும் உடைகின்றன. பழைய ரோமன்-டச்சுச் சட்டம் தகப்பனுக்கு முதலிடம் கொடுத்தது. அந்த வாசனை ஊர்ப் பேச்சில் இன்னும் இருக்கிறது. "ஆம்பளைப் புள்ள எங்க வீட்டுக்கு", "பால் மறந்ததும் அப்பன்கிட்ட விடணும்" என்பார்கள். நீதிமன்றம் இன்று முதலில் கேட்பது பிள்ளைக்கு எது நல்லது என்று. இலங்கை சிறுவர் உரிமைச் சாசனத்தை 1991இல் ஏற்றது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் பிள்ளை சம்பந்தப்பட்ட எல்லா விஷயத்திலும் பிள்ளையின் நலனே மேலானது என்கிறது. இதுவரை யார் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பினார்கள்? அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வைக்க முடியுமா? வீட்டில் குடியும் அடியும் உண்டா? பெரட்டுக்குப் போகிற நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் இருந்தால் போதும், வீடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் லயத்துக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுக்கலாம். விவரம் தெரிந்த வயதென்றால் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசவும் செய்யலாம். அதற்காகப் பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள். சொல்லிக்கொடுத்த வார்த்தை பிள்ளை வாயில் எப்படி ஒலிக்கும் என்பது தினமும் குடும்ப வழக்குக் கேட்கிறவருக்குத் தெரியாமல் போகாது.

பிள்ளை ஒருவரிடம் இருந்தால் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டில், பள்ளி விடுமுறையில் ஒரு வாரம், தீபாவளிக்கு ஒரு வருஷம் இங்கே மறு வருஷம் அங்கே என்று எழுதி வாங்கலாம். "பார்த்துக்கொள்ளலாம்" என்று பொதுவாக எழுதாமல் நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். "காசு தரல்ல, அதனால புள்ளையைக் காட்ட மாட்டேன்" என்பதும், "புள்ளையைக் காட்டல்ல, அதனால காசு தர மாட்டேன்" என்பதும் இரண்டும் தவறு. ஒன்றுக்கு ஒன்று ஈடில்லை. ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மறைத்து வைத்தால் பதுளையில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனுப் போடலாம்.

சம்பள நாளில் எட்டு வயதுப் பையனை அனுப்பி, "அப்பா குடிக்கப் போறதுக்கு முன்ன காசை வாங்கிட்டு வா" என்பது நம் லயங்களில் சாதாரணமாகிவிட்டது. அந்தப் பையன் மற்ற ஆண்களுக்கு முன்னால் தகப்பனிடம் கை நீட்டி நிற்கிறான். கிடைத்தால் ஒரு பார்வை, கிடைக்காவிட்டால் இன்னொரு பார்வை. இரண்டையும் அவன் மறக்கப் போவதில்லை. காசை வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லிக் கட்டளை வாங்கினால் இந்த அவமானம் தேவையே இல்லை. கட்டியதற்கும் கட்டாததற்கும் சாட்சியும் தானாகக் கிடைக்கும்.

வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பதிவுத் திருமணம் தேவையில்லை. அவசரமென்றால் முதலில் 14 நாள் வரையான இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரையான கட்டளையும் கிடைக்கும். பிள்ளைக்காகவும் கேட்கலாம். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், பெயர் அவருடையது, ஆகவே நானும் பிள்ளைகளும்தான் வெளியேற வேண்டும் என்று நினைக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் அடிக்கிறவர் நுழையக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். வீடு யார் பெயரில் என்பது அதற்குத் தடையில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் புது வீடும் கிடைத்த குடும்பங்கள் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை இப்போதே பார்த்து வையுங்கள்.

பதுளை நீதிமன்றத்தில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். விளங்காமலே "ஹரி, ஹரி" என்று தலையாட்டி, எதற்குச் சம்மதித்தோம் என்பதை வெளியே வந்து சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்களுக்குச் சிங்களத்திலோ தமிழிலோ ஆவணம் கொடுக்கவும் பங்கெடுக்கவும் உரிமை தருகிறது. நீதிமன்றத்தின் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பை அரசு தர வேண்டும். கூண்டில் ஏறியதும் "எனக்குத் தமிழில் மொழிபெயர்ப்பு வேண்டும்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது நீதிபதிக்கு மரியாதைக் குறைவு அல்ல.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பது பெரிய தடை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேரும் போகிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் பதுளையிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகச் சட்டத்தரணி கிடைப்பார். தாபரிப்பு, விவாகரத்து வழக்குகள் அவர்கள் தினமும் பார்க்கிறவை. போகும்போது அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் இருந்தால் அது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிய வருமானக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், அந்தச் செலவுக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போங்கள். முதல் நாளே எல்லாம் கையில் இருந்தால் இரண்டு மூன்று நாள் பேர் மிஞ்சும். இவற்றின் பிரதியை உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது, கோபத்தில் சான்றிதழைக் கிழித்தெறிவது அடிக்கடி நடக்கிறது. தொலைந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம்.

பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் அவசர இலக்கம் 119.

18 வயதானதும் காசு நின்றுவிடும் என்று நினைத்து உயர்தரம் எழுதும் பிள்ளையைக் கடை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். 18க்கும் 25க்கும் இடைப்பட்ட, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மகனும் மகளும் பெற்றோரிடம் தாபரிப்புக் கேட்கலாம் என்று அதே 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. பல்கலைக்கழகத்துக்கோ, கல்வியியற் கல்லூரிக்கோ, தொழிற்பயிற்சிக்கோ தெரிவான பிள்ளை அந்த விண்ணப்பத்தைத் தன் பெயரிலேயே, தானே நீதவான் நீதிமன்றத்தில் கொடுக்கலாம்.